பாலித் தீவுக்கு ஒரு கிடா

பூவாத்தாள் பார்த்த ஊர்கள் எல்லாம் கணவர் குப்பண்ணன் யாரையாவது அடித்ததால் பார்த்தவை. பாலக்காட்டு ஜில்லா ஆஸ்பத்திரியை, அவர் பங்காளி பெரியமுத்துவின் தாடையைப் பெயர்த்தபோது பார்த்தாள். கோயமுத்தூரை, பெரியமுத்து இவருடைய விலாவை முறித்தபோது பார்த்தாள். அப்பீல் கேஸுக்காக எர்ணாகுளம் போனபோது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முந்தானை அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. "அது கடலுங்களா?" என்று வக்கீலைக் கேட்டாள். "கடலல்லா, காயலாணு," என்றார் வக்கீல். அதற்குள் வராந்தாவில் குப்பண்ணன் எதிர்த்தரப்புச் சாட்சியின் மூக்கை உடைத்துவிட்டதால் அந்தக் காயலைக்கூட அவள் முழுசாகப் பார்க்கவில்லை.

கல்யாணமான புதிதில் மாட்டுப்பட்டி அணைக்குப் போனதுண்டு. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று படகுக்காரன் சொன்னதில் மரியாதை குறைவாக இருந்ததாம். படகுக்காரன் தண்ணீரில் விழுந்தான். அவனைப் பிடிக்க வந்தவன் விழுந்தான். பிறகு படகே விழுந்தது. அன்றைக்கு மழையில்லாமலே அணை ஒரு விரற்கடை ஏறியது என்று அங்கே டீக்கடை வைத்திருப்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். திரும்பும் வழியில் குப்பண்ணன் மறையூரில் இறங்கி அவளுக்கு உருண்டை வெல்லம் வாங்கித் தந்தார். உதடு கிழிந்திருந்ததால் அவர் தின்னவில்லை.

கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. அந்தக் கை வீட்டுக்குள் ஓங்கியதில்லை. வீட்டுக்கு வெளியே இறங்கியதுமில்லை. ஒருமுறை கிளம்ப மறுத்த டிராக்டரை அவர் அறைந்ததில் அது கிளம்பியது மட்டுமல்ல, பயந்து ரிவர்ஸிலேயே பாலக்காட்டுச் சித்தூர் வரை போய்விட்டது. கூட்டிக்கொண்டு வர ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

சண்டையெல்லாம் தண்ணீருக்குத்தான். அவர்கள் ஊரான நல்லேப்பிள்ளியில் வாய்க்கால் தண்ணீர் முதலில் பெரியமுத்துவின் வயலுக்கு வரும். அவர் பாய்ச்சி முடித்து மடையைத் திறந்துவிட்டால் குப்பண்ணன் வயலுக்கு இறங்கும். பெரியமுத்து திறக்க மறப்பார். குப்பண்ணன் மண்வெட்டியோடு நினைவுபடுத்தப் போவார். பூவாத்தாள் பஞ்சையும் டிஞ்சரையும் எடுத்து வைப்பாள்.

இப்படி இருக்கையில்தான் மகள் செல்வப்பிரியா போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளை மணல். பின்னால் நீலமாக, முடிவே இல்லாமல் கடல். ஒரு பெரிய குடைக்குக் கீழே கட்டில். அதில் பூவாத்தாள் வயசுக்காரி ஒருத்தி காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

பூவாத்தாள் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஏங்கண்ணு, இந்தம்மாளுக்கு எங்க அடிபட்டுது?"

"அடியெல்லாம் படலீம்மா. சும்மா படுத்திருக்காங்க."

"பட்டப்பகல்லயா?"

"ஆமா."

"சும்மாவா?"

செல்வப்பிரியா தலையாட்டினாள். அம்மா அதற்குள் அந்தக் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டிருந்தாள்.

மகளே ஏற்பாட்டில் இறங்கினாள். சித்தூரில் சுற்றுலா ஏஜென்சி வைத்திருக்கும் ஷீனா லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். பாலித் தீவு. கடற்கரையை ஒட்டித் தனி வில்லா. வாசற்படியிலிருந்து நேராகக் குளத்தில் இறங்கலாம். காலைப் பலகாரம் தட்டில் மிதந்து வரும்.

"சோத்தத் தண்ணியில மெதக்க வுட்டு, நீந்திப் போயித் திங்கோணுமா?" என்றார் குப்பண்ணன். "எங்கூட்டு நாய்க்குக்கூட நாங்க அப்பிடி வெக்கறதில்லீங்க."

ஷீனா அவசரமாக அடுத்த படத்துக்குப் போனாள். மலைச்சரிவில் படிப்படியாகப் பச்சை. "அங்கிள், இது அவிடத்தெ நெல்வயல். காண்றதுக்கு உலகத்துல எல்லா இடத்துல இருந்தும் ஆளுக வரும்."

"நெல்லு வயலையா? ஏனுங்க, அதுக்கு ஏரோப்ளேன் எதுக்கு? எருமைய ஓட்டிட்டு நம்ம பொறவடை வயலுக்குப் போனாப் போதாதா?"

 பூவாத்தாள் கேட்டது ஒரு கட்டில், ஒரு குடை, யாரும் யாரையும் அடிக்காத ஒரு மத்தியானம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதுவும் கைநழுவிப் போகிறது.

ஷீனா கடைசி முயற்சியாகச் சொன்னாள். "அங்கிள், அவிடெ தண்ணிக்கே தனிக் கோயில் உண்டு. வயல் கிருஷிக்காரங்க எல்லாம் கோயில்ல கூடி, முறை வெச்சுப் பங்கு போடும். ஆயிரம் வருஷமா."

குப்பண்ணன் நிமிர்ந்தார். "மேல்வயல்காரன் தெறந்து வுடுவானா?"

"வுடும்."

"அடிதடி?"

"இல்ல."

"மண்டை?"

"ஒடையாது அங்கிள்."

அவர் குனிந்து அந்தப் பச்சையைப் பார்த்தார். "பொய்," என்றார். "நேர்ல போயி, பொய்யின்னு ருசுப்படுத்தீட்டு வாரேன். டிக்கெட் போடுங்க."

அத்தோடு பூவாத்தாள் வாயை மூடியிருக்கலாம். சந்தோஷம் மூட விடவில்லை. "கடலுக்குள்ளயே ஒரு கோயில் நிக்குதாமுங்க. எங்க பாத்தாலும் கோயிலுதானாமா. புண்ணியத் தலமுங்க," என்று சேர்த்துவிட்டாள்.

புண்ணியத் தலம் என்றால் யாத்திரை. யாத்திரை என்றால் குடும்ப வழக்கம் ஒன்று உண்டு. போகிறவர்கள் காவல் தெய்வத்துக்குக் கிடா கொடுத்து, பங்காளிகளுக்குச் சோறு போட வேண்டும். மூத்த பங்காளி மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் மேல் ஊற்றுவார். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கடலோரம் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு இதெல்லாம் கிடையாது. அவள்தான் புண்ணியத்தைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

மூத்த பங்காளி பெரியமுத்து. தாடை பெயர்ந்த அதே பெரியமுத்து.

"வேற ஆரும் ஊத்தக் கூடாதுங்களா?" என்று கேட்டாள்.

"மொறை மொறைதான் புள்ள. அவன் திருட்டுப்பயதான், ஆனாலும் மூத்த பயலாப் பொறந்துட்டானே."

பூவாத்தாள் பயணத்துக்காக அகலமான ஓலைத்தொப்பி ஒன்று வாங்கியிருந்தாள். பழக்கமாகட்டும் என்று அதைப் போட்டுக்கொண்டுதான் ஒரு வாரமாக மாட்டுக்கொட்டகையில் சாணி வழித்தாள். விருந்தன்றைக்கு அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பக்கத்தில் பஞ்சும் டிஞ்சரும் வைத்தாள்.

விருந்து தென்னந்தோப்பில். கேரளத்தில் சாமிக்கு ஆடு வெட்டக் கூடாது என்று சட்டம் இருப்பதால், போலீஸ் கேட்டால் அது பிறந்தநாள். பனைமரத்தடியில் இருப்பது வெறும் கல். ஒரு வெள்ளாட்டைத் தனியாக வெட்டி அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வரிசையாக இலை போட்டுச் சோறும் வைத்தாயிற்று. சாமிக்கான கறுப்புக்கிடா கழுத்தில் மாலையோடு நின்றது. வெட்டுகாரர் அரிவாளைத் தோளில் சாய்த்திருந்தார்.

பெரியமுத்து சொம்புத் தண்ணீரை ஊற்றினார். கிடா மாலையிலிருந்து ஒரு பூவைத் தின்றது.

இன்னொரு சொம்பு. கிடா இன்னொரு பூவைத் தின்றது.

பெரியமுத்து குடத்தையே தூக்கிக் கவிழ்த்தார். கிடாவின் தாடியிலிருந்து மஞ்சள் சொட்டியது. அது மாலையை முடித்துவிட்டுக் குப்பண்ணனைப் பார்த்தது.  பூவாத்தாள் கல்லைப் பார்த்துக் கும்பிட்டாள். கண்ணை மூடினால் கடல், திறந்தால் கிடா.

"கெடா எப்பிடிச் சிலுப்பும்?" என்றார் குப்பண்ணன். "ஊத்தற கை மடையத் திருடுன கை."

"உன்ற கெடா உன்னைய மாதிரித்தானே இருக்கும் குப்பா? குளிச்சுப் பல நாளாச்சாட்ட இருக்குது. தண்ணி அதுக்குச் சொகமாப் பட்டுருச்சு."

குப்பண்ணனின் முதல் குத்தில் பெரியமுத்துவின் முன்பற்கள் தெறித்து, மூன்றாவது வரிசையில் ஒருவர் இலையில் சோற்றுக்கு மேல் விழுந்தன. அவர் தேங்காய்ப்பல் என்று நினைத்து ஓரமாக ஒதுக்கினார். பெரியமுத்து வெறுங்குடத்தால் திருப்பி அடித்ததில் குடம் நசுங்கிக் குப்பண்ணனின் மண்டை அளவுக்கு ஆனது. நெற்றி பிளந்து ரத்தம் இரண்டு கண்ணையும் மூடியது. கண் தெரியாமலே அவர் பெரியமுத்துவைத் தூக்கித் தென்னைமரத்தில் மோதினார். காய்கள் உதிர்ந்தன. அடுத்த மரத்தில் மோதினார். அதிலும் உதிர்ந்தன. அந்த வருஷம் அந்தத் தோப்பில் தேங்காய் போட ஆள் கூப்பிடவில்லை.

அதற்குள் பங்காளிகள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். தேங்காய் பட்டு ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கியது. கடித்ததில் ஒருவருக்குக் கட்டைவிரல் நகம் போயிற்று. அண்டா கவிழ்ந்து, கொதிக்கும் குழம்பு ஓடிய பக்கம் இருந்தவர்களுக்குக் கால் வெந்தது. அலறிக்கொண்டு தோப்புக் கிணற்றில் குதித்தவர்களைத் தூக்கக் குதித்தவர்களும் உள்ளேயே அடித்துக்கொண்டார்கள். எந்தப் பக்கம் என்று தெரியாத இரண்டு பேர் ஒருவரையொருவர் அறைந்துகொண்டே, "நீங்க ஆருங்க?" "பெரியமுத்துக்கு ஒண்ணுவுட்ட தம்பிங்க, நீங்க?" என்று விசாரித்துக்கொண்டார்கள். வெட்டுகாரர் அரிவாளைப் போட்டுவிட்டுப் பனைமேல் ஏறிவிட்டார்.

போட்ட அரிவாளைக் குப்பண்ணன் எடுத்தார்.

பெரியமுத்து அப்போது மல்லாந்து கிடந்தார். குப்பண்ணன் கண்ணை மூடிய ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு காலை அவர் மார்பில் வைத்தார். அரிவாளை மேலே தூக்கினார். இத்தனை வருஷத்தில் தாடை, விலா, மூக்கு என்று போய்க்கொண்டிருந்தது, இதோ கழுத்துக்கு வந்துவிட்டது. சத்தமெல்லாம் நின்றது.

பூவாத்தாளுக்கு இனி தான் பார்க்கப்போகும் ஊர் தெரிந்தது. மதிலும், கம்பியும், மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெஞ்சும். ஆயுசு முழுக்க அதே ஊர்.

அப்போதுதான் கிடா சிலுப்பியது.

தலையில் தொடங்கி, கழுத்து, முதுகு, வால் நுனிவரைக்கும். மஞ்சள் தண்ணீர் நாலு பக்கமும் தெறித்து அவள் முகத்தில் சில்லென்று விழுந்தது. சுற்றிப் பார்த்தாள். எல்லாக் கண்ணும் அரிவாளில் இருந்தது. சாமி கொடுத்த உத்தரவைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

கவிழ்ந்த அண்டாவுக்குப் பக்கத்தில் சோறு கிளறும் இரும்புத் துடுப்பு கிடந்தது. ஆள் உயரம். நெல் மூட்டையைத் தனியாகப் புரட்டும் கை அவளுடையது. இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, பின்னால் கொண்டுபோய், வீசினாள்.

குப்பண்ணனின் முழங்கால் பச்சைக் கரும்பை முறித்ததுபோல் சத்தம் போட்டது. அரிவாள் கழுத்தைத் தவறி, பெரியமுத்துவின் வலது காதை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணில் இறங்கியது. குப்பண்ணன் விழுந்தார். அடித்தது யார் என்று திரும்பிப் பார்த்தவர், வலியைக்கூட மறந்து வாயைத் திறந்தபடி கிடந்தார்.

காதைப் பொத்திக்கொண்டு எழுந்த பெரியமுத்து, விழுந்தவரைப் பார்த்ததும் தெம்பு வந்து மண்வெட்டியைத் தேடினார்.

"மச்சாண்டாரே, கோவிச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, பூவாத்தாள் அவர் கெண்டைக்காலிலும் ஒன்று வைத்தாள். எலும்பு தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தது.

பெரியமுத்துவின் சம்சாரம் கற்பகம் இலை வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். ஓடி வந்து சண்டைக்கு நிற்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் மெதுவாக வந்து, கீழே கிடந்த காதைத் தேக்கிலையில் மடித்து எடுத்துக்கொண்டாள்.

"நல்ல வீச்சு," என்றாள். "எனக்கு இத்தன நாளாத் தோணலியே பூவா."

ஆஸ்பத்திரியில் இடமில்லாததால் இரண்டு பேரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டு, மாவுக்கட்டுக் காலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். போலீஸ் வந்து எப்படி ஆயிற்று என்று கேட்டது. பொம்பளை அடித்தாள் என்று எழுதிக் கொடுக்க எந்த ஆம்பளைக்கு வாய் வரும்?

"தென்னமரத்துல இருந்து உழுந்துட்டனுங்க," என்றார் குப்பண்ணன்.

போலீஸ்காரர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். "தாங்களோ?"

"அதே மரந்தானுங்க," என்றார் பெரியமுத்து. பங்காளிகள் இரண்டு பேரும் ஒரே வாக்கில் நின்றது அதுதான் முதல் தடவை.

ஷீனா பழப்பையோடு பார்க்க வந்தவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சேச்சி, டிரிப் கேன்சல் பண்ணட்டே?"

"கெடா சிலுப்பிருச்சு கண்ணு. சாமி சொன்னதுக்கப்பறம் நிறுத்த முடியுமா? எங்கூட்டுக்காரரு டிக்கெட்ட எடுத்துப்போட்டு எங்கக்காளுக்கு ஒண்ணு போட்டுக் குடு. அவிய பையன் துபாய்ல இருக்கறான், பாஸ்போர்ட்டெல்லாம் இருக்குது."

அந்த அக்காள் கற்பகம்தான் என்பது ஷீனாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

போவதற்கு முன் பூவாத்தாள் கணவரின் காலடியில் நின்றாள். "கெடா சிலுப்புனது மெய்யா?" என்று அவர் கேட்டார். "உங்க மேல சத்தியமுங்க," என்றாள். அவர் தொங்கும் காலைப் பார்த்தார். "சாமி சொல்லீட்டா என்ன பண்றது," என்றார். "தண்ணிக்கு அடிச்சுக்கறாங்களான்னு மட்டும் பாத்துட்டு வா. ஒரு மண்டையாவது ஒடஞ்சிருக்கும்."

நாலைந்து நாள் கழித்து, வார்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், செல்வப்பிரியா வீடியோ கால் போட்டு, போனைக் குப்பண்ணன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். வெள்ளை மணல். முடிவில்லாத நீலம். குடைக்குக் கீழே இரண்டு கட்டில். ஒன்றில் கற்பகம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் பூவாத்தாள் ஓலைத்தொப்பியோடு காலை நீட்டி மல்லாந்து கிடந்தாள்.

குப்பண்ணன் பதறி எழப் பார்த்தார். கயிறு இழுத்தது. "ஏம்புள்ள! எங்க அடிபட்டுது? எவன் அடிச்சான்?"

"ஆரும் அடிக்கலீங்க," என்றாள் பூவாத்தாள், தொப்பியைக் கொஞ்சம் தூக்கி. "சும்மா படுத்திருக்கறேன்."

"சும்மாவா?"

அவள் பதில் சொல்வதற்குள் அலைச் சத்தம் வந்து மூடிவிட்டது. குப்பண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலிலிருந்து பெரியமுத்து, மிச்சமிருந்த காதைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"என்னவாமா குப்பா?"

"சும்மா படுத்திருக்கறாங்களாமா அண்ணா. ரெண்டு பேரும்."

பெரியமுத்து யோசித்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஸ்டூலில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, பாதி குடித்தார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, மிச்சத்தை இந்தப் பக்கம் நீட்டினார்.