மூன்றாவது தட்டு

சித்திரை லீவு விட்ட மறுநாள் காலை மடுல்கெல்லவிலிருந்து தப்பி ஓடுவதென்று றஜீவ் முடிவு செய்திருந்தான். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் அது தெரியாது. நுவரெலியா பார்க்கப் போகிறேன், ஐந்து நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருந்தான். உண்மையில் அன்று இரவு எட்டு மணிக்குக் கட்டுநாயக்கவில் அவனுக்கு ஒரு பிளேன் இருந்தது.

நோர்வேயில் பிறந்தவன். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் சம்பளமில்லாமல் இங்கிலீஷ் படிப்பித்தால் வாழ்க்கைக்கு ஏதோ அர்த்தம் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தான். நாலு மாதத்தில் வந்தது சளியும் அட்டைக்கடியும்தான். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் 'குட் மோர்னிங் சேர்' என்று கூரை அதிரச் சொன்னார்கள். அவன் வருவதற்கு முன்பும் அதைத்தான் சொன்னார்களாம். போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்தோனியம்மா வந்து நின்றாள். கொழுந்து பறிப்பவள். இத்தனை நாளும் அவனுக்குச் சோறு போட்டவள் அவள்தான். கையில் நாலடுக்கு டிபன் கேரியர்.

"அஞ்சு நாளைக்கு ரெண்டு பேக்கா சேர்?"

"அங்க குளிராம் அக்கா."

"இங்க மட்டும் வெயிலு பொளக்குதாக்கும்." கேரியரை அவன் கையில் திணித்தாள். "கண்டி மஹய்யாவையில என் தங்கச்சி அஞ்சலா இருக்கா. வருசப் பலகாரம், போற வழியில குடுத்துருங்க. கேரியர் என் கல்யாணத்துக்கு வந்தது. யார் கையிலயும் குடுத்து விடாம நீங்களே கொண்டாந்துருங்க."

"ஓம் அக்கா, கட்டாயம்," என்றான். பொய் அன்று காலை அவனுக்குச் சரளமாக வந்தது.

அஞ்சலா வீட்டில் கேரியரை வைத்துவிட்டு நழுவிவிடுவதுதான் திட்டம். ஆனால் அவள் பலகாரத்தைத் தட்டில் கொட்டி, கேரியரைக் கழுவித் துடைத்து, மறுபடி நிரப்ப ஆரம்பித்தாள்.

"வேண்டாம் அக்கா. அது இங்கயே இருக்கட்டும்."

"வருசத்துக்கு வந்த ஏனத்த வச்சுக்கிட்டா எங்கக்கா என்னைய உசுரோட விடுமா? வெறுசா அனுப்புனாலும் விடாது. ஒக்காந்து சாப்பிடுங்க சேர்."

உட்கார்ந்தால் நேரம் போய்விடும். "நான் சாப்பிட்டன்."

"எங்க?"

"பஸ்ஸில."

"பஸ்ல யாரு சோறு போட்டா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அவள் புருஷன் வில்பிரட். த்ரீவீலர் ஆட்டோ ஓட்டுபவர்.

வெளியே வந்ததும் றஜீவ் அவரிடம் உண்மையைச் சொன்னான். கேரியரை அவரே கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கெஞ்சினான்.

"நானா? சேர் எங்கன்னு கேப்பாங்க. அந்தப் பொம்பளகிட்ட பொய் சொல்ல நம்மளால ஏலாது. அதுனாலதான் நான் தங்கச்சியக் கட்டுனேன்." கையைத் திருப்பி மணி பார்த்தார். பத்தேகால். "ஏறுங்க. ஒண்ணேகால் மணித்தியாலம். குடுத்துட்டுத் திரும்புனா ஒரு மணிக்குக் கண்டி. அங்கருந்து எயார்போர்ட் பஸ்."

கேரியரோடு நோர்வேக்கே போய்விடலாமா என்றும் றஜீவ் யோசித்தான். ஒருத்தியின் கல்யாணச் சாமானைத் தூக்கிக்கொண்டு நாட்டை விட்டு ஓடுவது, சும்மா ஓடுவதைவிடக் கேவலமாகப் பட்டது. ஏறினான்.

வத்தேகம தாண்டியதும் பசி வயிற்றைப் பிறாண்டியது. மடியில் கேரியர். மூன்றாவது தட்டில் அச்சுமுறுக்கு மாதிரி கொக்கிஸ், ஆறு. ஒன்று தின்றான். பிறகு மிச்சத்தையும் தின்றான். நாலில் மூன்று தட்டு நிறைந்திருக்கிறதே, கேரியர் வெறுமையாகப் போகவில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டான்.

மடுல்கெல்லவில் அவனைக் கண்டு அந்தோனியம்மா அசரவில்லை. "நுவரெலியா அவ்வளவு கிட்ட வந்துருச்சா சேர்?"

நின்ற இடத்திலேயே கேரியரைத் திறந்தாள். ரிபன் கேக். வாழைப்பழம். மூன்றாவது தட்டில் தூள் மட்டும் கிடந்தது. அவள் முகம் மாறியது. போனை எடுத்தாள்.

"ஏன்டி, மூணாந்தட்ட வெறுசா அனுப்பியிருக்க. அக்கா செத்துட்டான்னு நெனச்சியா?"

அஞ்சலாவின் பதில் போனுக்கு வெளியேயும் கேட்டது. கொக்கிஸிலிருந்து தாயின் அட்டியலுக்குப் போனார்கள். அட்டியலிலிருந்து எப்போதோ நடந்த ஞானஸ்நானத்தில் யாருக்குக் கதிரை போடவில்லை என்பதற்குப் போனார்கள். வில்பிரட் என்ஜினை நிறுத்திவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். றஜீவ் இரண்டு தடவை வாய் திறந்தான். யாரும் கவனிக்கவில்லை. மணி பன்னிரண்டரை ஆனது.

"நான்தான் திண்டனான் அக்கா," என்று கடைசியில் கத்தினான்.

அந்தோனியம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனுக்குள்ளிருந்து அஞ்சலா சொன்னாள். "பஸ்ல சாப்பிட்டாராம்."

அந்தோனியம்மா போனை வைத்தாள். "பசின்னா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன. ஒக்காருங்க, சோறு போடுறேன்."

"எனக்கு எட்டு மணிக்குப் பிளேன் அக்கா."

"பிளேனு தெரியாது. திரும்ப மாட்டீங்கன்னு தெரியும். ரெண்டு பேக்."

"தெரிஞ்சுதான் கேரியரத் தந்தனீங்களா? என்னைத் திருப்பி எடுக்க?"

"கேரியரத் திருப்பி எடுக்க. வேற யாரு தூக்கிட்டுப் போவா இன்னைக்கு?" சோற்றைத் தட்டில் போட்டாள். "சேர் போனா இன்னொரு சேர் வருவாரு. இந்த மாதிரி கேரியர் இப்ப எந்தக் கடையிலயும் இல்ல."

யாராவது அழுவார்கள், மன்றாடுவார்கள் என்று பயந்துதான் அவன் ஒளித்து ஓடினான். தனக்கு இப்படி ஒரு விலையை எதிர்பார்க்கவில்லை. கோபம் வந்தது. கோபத்தோடு பருப்பும் கருவாடும் போட்டு இரண்டு தட்டுச் சோறு தின்றான். வில்பிரட்டும் தின்றுவிட்டுப் பின்சீட்டில் சுருண்டு தூங்கினார். றஜீவ் அவரை எழுப்பவில்லை. அவர் எழும்பியபோது மணி இரண்டே முக்கால், இனிப் பிளேனைப் பிடிக்க ஏலாது.

"பிளேன்காரன் கையிலயும் ஒரு கேரியரக் குடுத்திருந்தா நின்னிருப்பான்," என்றார் வில்பிரட். ரெண்டு பேக்கையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அந்தோனியம்மா மறுபடி வந்து நின்றாள். கையில் கேரியர், நாலு தட்டும் நிறைய.

"தங்கச்சிகூட வீணாச் சண்ட போட்டுட்டேன். ஒங்களாலதான். நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

றஜீவ் கேரியரை வாங்கினான். பழக்கதோஷத்தில் மற்றக் கை பேக்குகள் பக்கம் போனது.

அவள் பெரியதைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

"ஒண்ணு போதும் சேர்."