நட்டமில்லாமல் வேளாங்கண்ணிக்கு

வேளாங்கண்ணிக்குப் போவதென்று முடிவான அன்றே தோமஸ் செபம் சொல்வதைக் குறைத்துக் கணக்குச் சொல்வதைக் கூட்டிக்கொண்டார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு முகாமை செய்ய அவருக்கு மிஞ்சியிருந்தது மனைவி பீற்றிஸ் மட்டும்தான்.

பீற்றிஸுக்கு இருந்தது ஒரேயொரு கணக்கு. போன மாரியில் மகன் றெஜியின் தோணி, இயந்திரம் பழுதாகிக் கடலில் இழுபட்டுப் போனபோது, "புள்ளையக் கரை சேத்து விடு தாயே, உன்ட காலடியில வெள்ளித் தோணி வைப்பன்" என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். றெஜி கரை சேர்ந்தான். தோணியும் திருத்தியாயிற்று. ஆனால் அவன் கடலுக்கு இறங்கவில்லை. "அம்மா நேர்த்தியை முடிச்சிட்டு வரட்டும், மறுகா பாப்பம்" என்றான். வெள்ளித் தோணி வேளாங்கண்ணியில் ஏறும்வரை நிசத் தோணி பனிச்சங்கேணிக் கரையில் வெயில் காயவேண்டியதுதான். வீட்டு அடுப்பும் அதோடு சேர்ந்து காய்ந்தது.

"காசைக் காசாக் கொண்டு போறவன் மடையன்" என்று தோமஸ் விளக்கினார்.

அவருடைய விளக்கத்தில் பிழை இல்லை. அவரோடு இருந்த கஷ்டமே அதுதான். பணம் நாடு தாண்டுவது, குளத்துத் தண்ணீர் வயல் வட்டைக்கு வருவது மாதிரி. வழிநெடுக ஆளுக்கொரு பக்கம் வரம்பை வெட்டி வைத்திருப்பார்கள். விமான நிலையத்தில் தாளை மாற்றினால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் பெரிய வெட்டு. வங்கி அட்டையைக் கொண்டுபோய் அந்த ஊர் ஏ.ரி.எம்.மில் எடுத்தால் விலை ஓரளவு நியாயமாக இருக்கும். ஆனால் எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் நமது வங்கி ஒரு கட்டணம் எடுக்கும். இயந்திரத்துக்குச் சொந்தக்கார வங்கி சிலவேளை இன்னொன்று எடுக்கும். இதெல்லாம் தாண்டி வந்தால் அந்த இயந்திரமே பல்லை இளித்துக்கொண்டு, "உங்கள் நாட்டுக் காசிலேயே கணக்குப் பார்க்கட்டுமா?" என்று கேட்கும். ஓம் என்றால் தீர்ந்தது, அது வைத்ததுதான் விலை. ஆகவே வேண்டாம் என்று சொல்லவேண்டும். கட்டணம் கேட்காத இயந்திரமாகப் பார்க்கவேண்டும். ஒரே தடவையில் மொத்தமாக எடுக்கவேண்டும்.

"விளங்கிச்சா?"

"விளங்கிச்சு. தோணிக்குக் காசு இருக்கா?"

"அதத்தானே இவ்வளவு நேரமும் சொல்றன்!"

புறப்படும் அன்று தன் மதிநுட்பத்துக்கு அவர் ஒரு முடியும் சூட்டினார். வெளிநாட்டில் நம் சிம்மைப் போட்டால் ரோமிங் என்று பகற்கொள்ளை அடிப்பார்கள் என்று சொல்லி, சிம்மைக் கழற்றிப் பழைய பொத்தான் போனில் போட்டு மருமகள் சர்மிலாவிடம் கொடுத்தார். "நான் லொட்ஜ் வைஃபையில வட்சப் எடுப்பன். சல்லி செலவில்ல." பீற்றிஸ், திரும்பி வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஏற என்று கொஞ்சம் இலங்கைத் தாள்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வேளாங்கண்ணியில் வெள்ளிச் சாமான் கடைக்காரர் ஒரு சாண் நீளத் தோணியில் றெஜியின் படகு இலக்கத்தைப் பொறித்துத் தந்தார். கைச்செலவுக்கென்று கொண்டுவந்த கொஞ்ச இந்தியக் காசில் முற்பணம் கொடுத்தாயிற்று. சின்ன மீதியைக் கேட்டபோது தோமஸ் அட்டையை நீட்டினார்.

"கார்டு மெஷின் ரிப்பேர் சார். ஜிபே இருக்கா?"

"எங்களுக்கு அது இல்ல."

"அப்ப கேஷ் குடுங்க. சாயந்திரப் பூசைக்குள்ள வந்து வாங்கிக்கிடுங்க."

அன்றைய சாயங்காலப் பூசைதான் கடைசி. அடுத்த நாள் விடியுமுன்னே திருச்சி விமான நிலையத்துக்கு வான் வண்டி புறப்படும்.

தோமஸ் கம்பீரமாக ஏ.ரி.எம்.முக்குள் நுழைந்தார். அட்டை உள்ளே போனது, வெளியே வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. காரணம் சின்னது. வெளிநாட்டில் திருடர் பயன்படுத்தக்கூடாதென்று வங்கிகள் அட்டையை நாட்டுக்குள் மட்டும் திறந்து வைக்கும். வெளியே போகிறவர் வங்கியின் செயலிக்குள் போய்ப் பூட்டைத் திறக்கவேண்டும். அதற்கு ஓரீபி என்ற ஒருமுறை எண், பதிவுசெய்த போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். இரண்டு நிமிடத்தில் அது செத்துப்போகும்.

பதிவுசெய்த சிம் பனிச்சங்கேணியில் இருந்தது.

"அப்ப பகற்கொள்ளைக்காரன் ஆரு?" என்றாள் பீற்றிஸ்.

தோமஸ் லொட்ஜுக்கு ஓடி வட்சப்பில் சர்மிலாவை அழைத்தார். ஊரில் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும் என்பதால், சர்மிலா இரண்டு போன்களையும் தூக்கிக்கொண்டு வாவிப் பாலத்துக்கு ஓடினாள். தோமஸ் லொட்ஜ் படியில் குந்திக்கொண்டு செயலியில் பொத்தானை அமுக்கினார்.

"மாமா! வந்திட்டு மாமா! எப்படிச் சுகம்?"

"சுகம் புள்ள. நம்பரச் சொல்லு."

"மாமி சாப்பிட்டாவா?"

சாப்பிட்டாயா என்று கேட்காமல் விஷயத்துக்கு வருவது அந்த வீட்டில் பழக்கமில்லை. கேட்ட பிறகு மாமி என்ன சாப்பிட்டாள் என்பதைச் சொல்லாமல் விடுவதும் மரியாதையில்லை. பீற்றிஸ் இட்டிலியில் தொடங்கி, சாம்பாரில் சீனி போட்டிருந்ததையும் சொல்லி முடித்தபோது எண் செத்துப்போயிருந்தது.

"இந்தமுறை சாப்பாடு இல்ல, சுகம் இல்ல, நம்பர் மட்டும்!" என்று பொத்தானை மறுபடி அமுக்கிக்கொண்டு தோமஸ் கத்தினார். உடனே குரலைத் தாழ்த்தி, "புள்ள, அது ரகசிய நம்பர். பாலத்தில ஆக்கள் இருப்பாங்க. மெதுவாச் சொல்லு" என்றார்.

சர்மிலா மெதுவாகச் சொன்னாள். வாவிக் காற்று அதைவிட உரக்கச் சொன்னது.

"கேக்கல்ல புள்ள!"

"ரகசியம் எண்டீங்களே மாமா?"

"கொஞ்சம் உரத்துச் சொல்லு!"

பாலத்தில் இறால் எடுக்க வந்திருந்த ஓட்டமாவடி வியாபாரி முத்தலிப்புக்கு இந்தக் கொடுமை பொறுக்கவில்லை. "இஞ்ச கொண்டா தங்கச்சி" என்று போனை வாங்கினார். ஏலத்தில் பழகிய தொண்டை அவருக்கு. "தோமஸ் மனேஜர்! நான் முத்தலிப்! ஏழு! நாலு! ஒண்டு!"

பாலத்தின் கீழே வலை வீசிக்கொண்டிருந்தவர்களுக்கு மேலேயிருந்து எண் வந்தால் திருப்பிச் சொல்லித்தான் பழக்கம். பெட்டிக்கணக்கு பிழைக்காமல் இருக்க அப்படிச் செய்வார்கள். "ஏழு! நாலு! ஒண்டு!" என்று அவர்கள் கூத்துக்குப் பக்கப்பாட்டுப் பாடுவதுபோல எடுத்துக் கொடுத்தார்கள்.

"ஒம்பது! சைபர்! ரெண்டு!"

"ஒம்பது! சைபர்! ரெண்டு!"

தோமஸின் ரகசிய எண்ணை வாவி முழுக்கக் கேட்டது. பூட்டும் திறந்தது.

"மாதாவே" என்று எழும்பினாள் பீற்றிஸ். ஏ.ரி.எம். எதிரேதான் இருந்தது. தோமஸ் அட்டையைப் போட்டார், திரை ஒளிர்ந்தது, அவர் முகம் சுருங்கியது.

"இது தனிக் கட்டணம் கேக்குது."

"குடுங்களன்."

"சும்மா ஏன் குடுக்கிற? நாகப்பட்டினத்தில கட்டணம் எடுக்காத வங்கி ஒண்டு இரிக்காம். ஓட்டோவில போனா இந்தா எண்டு வந்திரலாம்."

"ஓட்டோவுக்குக் காசு?"

"அது போக்குவரத்துச் செலவு. வங்கிச் செலவில சேராது."

அவர் போய்விட்டார். கோயில் மணி அடித்தது. பீற்றிஸ் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு வெள்ளிக் கடைக்குப் போய், கைப்பையில் இருந்த பஸ் காசை மேசையில் வைத்தாள்.

"சிலோன் காசாம்மா? எடுத்துக்கலாம். ஆனா ரேட்டு கொஞ்சம்..."

"ரேட் சொல்லாதீங்க தம்பி. தோணியத் தாங்க."

கடைக்காரர் எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டார். பீற்றிஸ் பூசைக்கு ஓடினாள். மாதாவின் காலடியில் தோணியை வைக்கும்போது படகு இலக்கம் மேலே தெரியும்படி திருப்பி வைத்தாள். மாதாவுக்கு ஆயிரம் தோணி வரும், ஆள் மாறிவிடக்கூடாது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது தோமஸ் வியர்த்து வடிந்து, வெற்றியோடு நின்றார். "கட்டணம் இல்ல! நாட்டுக் காசில கணக்குப் பாக்கட்டா எண்டு கேட்டுது, வேண்டாம் எண்டுட்டன்! இண்டைக்கு உலகத்திலயே இதவிட மலிவா ஒருத்தனும் எடுத்திருக்க மாட்டான்."

"எவ்வளவு எடுத்தீங்க?"

"முழுதும். நம்மட வங்கிக்காரன் வெட்டுறது தடவைக்குக் கணக்கு, தொகைக்கு இல்ல. கூட எடுத்தா வீதம் குறையும். கணக்க மூடாம இருக்க வேண்டியத மட்டும் விட்டிட்டன்."

"தோணி வச்சாச்சு" என்றாள் பீற்றிஸ்.

அவர் தன் கையிலிருந்த இந்தியத் தாள்களைப் பார்த்தார். அவளுடைய கைப்பையைப் பார்த்தார். "என்ன ரேட்டில?" என்றார்.

அவள் வெறும் கைப்பையைத் திறந்து காட்டினாள்.

கட்டுநாயக்காவில் இறங்கியபோது பஸ்ஸுக்கு இலங்கைக் காசு இல்லை. வங்கியிலும் எடுக்க ஒன்றுமில்லை. பணம் மாற்றும் கூண்டுகள் வரிசையாக விளக்கெரித்துக் காத்திருந்தன. உலகத்திலேயே மலிவாக எடுத்த பணத்தைத் தோமஸ் உலகத்திலேயே மோசமான விலைக்கு ஒவ்வொரு தாளாக உள்ளே தள்ளினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், "ரசீது வேணுமா?" என்று கேட்டாள்.

பீற்றிஸ் அதைப் பார்க்கவில்லை. விமான நிலைய வைஃபையில் சர்மிலாவை அழைத்து, "நேர்த்தி முடிஞ்சிட்டு புள்ள. றெஜியத் தோணி இறக்கச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நல்லது மாமி" என்றது போன். "மாமா சாப்பிட்டாரா?"