கம்பத்தின் பின்னால் போன ஊர்

இளைப்பாறுதல் மாதா நகரம், அதை நிறுவிய மறுநாள் காலையிலேயே நடக்க ஆரம்பித்துவிட்டது. முதல் நாள் அப்படியொன்றும் தூரமில்லை, ஒரு கல்லெறி தூரம்தான். சதுக்கத்தின் நடுவில் நட்டிருந்த தண்டனைக் கம்பம் இரவோடு இரவாக ஆற்றை விட்டு விலகி, கள்ளிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டிருந்தது. நட்ட இடத்தில் குழிகூட இல்லை. தளபதி பெல்த்ரான் வெலாண்டியா தாடியைத் தடவியபடி அதை ஒருமுறை சுற்றிவந்தார். அரசர் பெயரால் நட்ட கம்பம் எங்கே நிற்கிறதோ அதுதான் ஊர். நீதியும் அங்கேதான், கோயிலும் அங்கேதான், ஆளுக்கு ஒதுக்கிய மனையும் அங்கேதான். சட்டம் அப்படி. ஆகவே கம்பத்தைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெருவிலிருந்து மலையிறங்கி வந்த களைப்பே தீராத நாங்கள், கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு அதன் பின்னால் போனோம். ஸ்பெயினின் காஸ்தில்யாவில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது.

நட்ட கதையையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சமவெளியில் ஜூரி என்னும் பழங்குடி மக்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அதன் நடுவே ஒரு தாக்கோ மரம். அதன் நெற்றுகளை இடித்து மாவாக்கித்தான் அவர்கள் மழை பொய்த்த வருடங்களில் ரொட்டி தட்டுவார்கள். சுற்றுவட்டாரத்தில் நேரான மரம் அது ஒன்றுதான் என்று தச்சன் ஹினேஸ் சொன்னான். தளபதி வெட்டச் சொன்னார், அவன் வெட்டிக் கம்பமாகச் செதுக்கினான். கம்பத்தை நட்டதும் வாளை உருவிப் புல்லைச் சீவி எறிந்து, இந்த நிலம் எங்கள் அரசருடையது, மறுப்பவர் உண்டா என்று ஸ்பானிய மொழியில் கத்தினார். ஓரமாக நின்ற ஜூரிகள், இந்த மனிதருக்குப் புல்லின்மேல் அப்படி என்ன கோபம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் மறுக்காததால் நிலம் எங்களுடையதாயிற்று.

அதன்பிறகு வருடங்கள் நடந்தே கழிந்தன. விதைத்த கோதுமையை ஒருமுறைகூட அறுக்கவில்லை. சுவர் வைப்பதை நிறுத்தித் தோலால் வீடு கட்டினோம், பிறகு தோலையும் பாதிதான் கட்டினோம். கோயில் மணி மாட்டுவண்டியில் தொங்கியது, பாதிரியார் பீடத்தைக் கயிற்றால் இழுத்துக் கட்டிப் பூசை வைத்தார். கம்பத்துக்குச் சங்கிலி போட்டோம். சங்கிலியையும், அதன் மறுமுனையில் கட்டிய காளைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. மற்ற ஊர்க்காரர்கள் எங்களைக் கண்டால், "என்னய்யா, உங்க ஊரு இன்னைக்கு எந்தப் பக்கம் போயிருக்கு?" என்று சிரித்தார்கள். பதில் தெரியாததால் நாங்களும் சிரித்துவைத்தோம். வேலைக்கென்று எங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஜூரிகள் மட்டும் சிரிக்கவில்லை. சும்மாடு இறக்க நேரமில்லாமல் எங்கள் ஊரைச் சுமந்தவர்கள் அவர்கள்தான். தப்பியோட முயன்ற ஒருவனைத் தளபதி அந்தக் கம்பத்திலேயே தூக்கிலிட்டார். மறுநாள் ஊர் இரண்டு மடங்கு தூரம் போயிருந்தது.

ஹினேஸின் மனைவி மென்சியா அதற்குள் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இரண்டையும் வழியில் புதைத்திருந்தாள். எந்தக் கள்ளிக்குக் கீழே, எந்த ஓடைக்கரையில் என்று இப்போது அவளாலேயே சொல்ல முடியாது. மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. அதை நிற்கிற மண்ணில் பெற வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அவள் வீட்டில் வேலைக்கு விடப்பட்டிருந்தவள் சும்பி. தூக்கில் தொங்கியவன் சும்பியின் அண்ணன். அப்படியிருந்தும் மென்சியா அவளிடம்தான் கேட்டாள். எங்களில் யாரிடமும் கேட்டுப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஏன்டி சும்பி, இந்தக் கட்டைக்கு என்னதான் வேணுமாம்?"

"அதுகிட்ட சொல்லாம வெட்டிட்டீங்க தாயி. நாங்கன்னா, நீ இன்னார் வீட்டுக்குப் போற, உத்தரமா நிக்கப் போறன்னு மரத்துகிட்ட சொல்லிட்டுத்தான் கோடாலிய வைப்போம். சொல்லலன்னா அது தன் எடம் எதுன்னு தேடிக்கிட்டேதான் திரியும்."

"அப்ப நீ போய்ச் சொல்லேன்டி. உன் பாஷைதானே அதுக்குப் புரியும்?"

"வெட்டுனவுங்க சொல்லணும். உள்ளதச் சொல்லணும்." சும்பி துணியைப் பிழிந்து உதறினாள். "என்ன வேலைக்கு வெட்டுனீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. நானும் கேக்குறேன்."

ஹினேஸ் நல்லவன். நல்லவர்கள் பலரைப்போலச் சொன்னதைச் செய்கிறவன். மனைவி அழுததைப் பார்த்து ஒருநாள் நண்பகலில் கம்பத்தின் முன் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். ஊரே கூடிவிட்டது. கோயில் கட்ட என்று தொடங்கினான், நாக்கு புரளவில்லை. ஊருக்கு அழகாக என்றான், அதுவும் பாதியில் நின்றது. கடைசியில் சும்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மனுசங்களக் கட்டிவச்சு அடிக்க, தொங்கவிட... அதுக்குத்தான் உன்ன வெட்டுனேன்" என்றான். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. எழுதும்போது இப்போதும் இருக்கிறது. கம்பம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு முதன்முறையாகப் பட்டப்பகலில், எங்கள் எல்லார் கண்ணெதிரிலும், தெற்கே பார்த்து வேகமாக நடக்கத் தொடங்கியது.

மென்சியா எழுந்திருக்கவில்லை. வண்டிகள் பூட்டியாயிற்று, பன்றிகள் தாமாகவே கிளம்பிவிட்டன, அவள் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள். தளபதி குதிரைமேல் இருந்தபடியே, ஊரோடு வராதவர் ஊராரில்லை, பிறக்கிற பிள்ளைக்கும் உரிமை கிடையாது என்று அறிவித்தார். ஹினேஸ் அவள் பக்கத்தில் குந்தி, "எந்திரிடி. நெலத்துக்காகத்தானே கடல் தாண்டி வந்தோம், இத்தன வருசம் நடந்தது வீணாப் போயிரும்" என்று கெஞ்சினான். "போய்யா, நீ போய் வாங்கிட்டு வா. எனக்கு இடுப்பு வலிக்குது" என்றாள் அவள். அவன் போனான். அன்று சும்பியும் சுமையை இறக்கிவைத்துவிட்டு நின்றுகொண்டாள். ஓடுகிற ஊரைப் பிடிப்பதா, அவளைப் பிடிப்பதா என்ற அவசரத்தில் தளபதி அவளை விட்டுவிட்டார். இரண்டு பெண்களும் அருகிலிருந்த ஜூரிகளின் குடியிருப்புக்கு நடந்தார்கள். அங்கே மென்சியாவை யாரும் வரவேற்கவில்லை, விரட்டவுமில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். பெண் குழந்தை பிறந்தது, பிழைத்தது.

எங்கள் ஊர் இப்போதும் நடக்கிறது. பெரும்பாலும் ஈஸ்டர் முடிந்த வாரங்களில் அந்தக் குடியிருப்பு வழியாகப் போகும். ஊர் கடந்துபோகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஹினேஸ் வரிசையை விட்டு ஓடிப்போய் மகளைப் பார்த்துவிட்டு வருவான். சென்ற முறை அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. "அப்பா, நீ எப்ப உக்காருவ?" என்று கேட்டாள். "ஊரு நின்னதும் வந்துர்றேன் கண்ணு. நெலம் தருவாங்க, உனக்கொரு வீடு கட்டுறேன்" என்றான் அவன். "எனக்கு வீடு இருக்கே" என்றவள், உள்ளே போய் ஒரு நெற்று ரொட்டியை எடுத்துவந்து, அந்த வழியாகப் போகும் எவருக்கும் கொடுப்பதைப்போல அவனுக்கும் கொடுத்தாள். ஹினேஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கோயில் வண்டி மேட்டைத் தாண்டி மறைந்துவிட்டதைப் பார்த்ததும் ஓடிவந்து எங்களோடு சேர்ந்துகொண்டான். மென்சியா விளக்குமாற்றை எடுத்து, ஊர் போன தடத்தில் கிடந்த சாணத்தைக் கூட்டத் தொடங்கினாள்.