ஐந்தாவது பப்ஸ்

1

இந்தக் கதை ஒரு நகைச்சுவைக் கட்டுரையாகத்தான் பிறந்தது. கடலூர் பஸ் ஸ்டாண்டிலும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அடுக்கி வைத்திருப்பார்களே, வெஜ் பப்ஸ், அதை அறிவியல் முறைப்படி தின்று தரம் பிரித்த சில பேரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சொன்னவர் கொளஞ்சி. திட்டக்குடிக்காரர். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தவர். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அதை இந்தக் கதைக்காக நானே கட்டினேன். லைசென்ஸும் நான் கொடுத்ததுதான்.) சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் என் கட்டுரையும் படுத்துக்கொண்டது. எழுந்தபோது அது கதையாகியிருந்தது.

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன்.

‘பப்ஸ் என்பது காற்றை மைதாவில் சுற்றி விற்கும் கலை.’ அடித்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் ஜாஸ்தி.

‘அன்று காலையிலிருந்தே பிரிசில்லாவுக்கு ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று’ – இதைப் பாதியிலேயே நிறுத்தினேன். பொய். அன்று காலை அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் வேலைக்கு வந்தாள்.

மூன்றாவது கீழே இருக்கிறது. இதைக் கலைக்கப் போவதில்லை.

2

பிரிசில்லா சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவள். கடலூர் முதுநகரில் வீடு. கணவன் ஜெயசீலனுக்கு மின்வாரிய அலுவலகத்தில் வேலை. அவள் அந்தக் கம்பெனியின் லேபில் ஷிப்ட் கெமிஸ்ட். இன்னும் கான்ட்ராக்ட்தான், ஆனால் 2009 பிறந்ததும் பர்மனென்ட் ஆர்டர் வந்துவிடும் என்று லேபின் மூத்தவர் சபாபதி சார் சொல்லியிருந்தார்.

அவளுக்குக் கம்பெனியில் ஒரு பேர் இருந்தது. கழுவுவதற்காக ஒரு டேங்குக்குள் ஆள் இறங்குமுன், லேபிலிருந்து யாராவது வந்து உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். மீட்டர் அடிக்கடி ரிப்பேருக்குப் போய்விடும். அப்போதெல்லாம் பிரிசில்லா ஆள் இறங்கும் வாய்த்துளையில் குனிந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, “ம், எறங்கு” என்பாள். எறங்குவார்கள். சட்டப்படி செய்யக்கூடாத காரியம். ஆனால் எல்லோரும் செய்தார்கள். ‘மேடம் மூக்கு இருக்க மீட்டரு எதுக்கு’ என்பது அங்கே சாதாரணப் பேச்சு.

3

இப்போது பப்ஸ்.

சண்டை தொடங்கியது கேன்டீனில். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பப்ஸுக்கு நிகர் கிடையாது என்றார் கொளஞ்சி. கடலூர்ப் பப்ஸை ஒழுங்காகத் தின்றிருந்தால் இப்படிப் பேசமாட்டாய் என்றார் சபாபதி சார். வாய்ப்பேச்சு எதற்கு, டெஸ்ட் பண்ணிவிடலாம் என்றவள் பிரிசில்லா.

இரண்டு ஊர்களிலிருந்தும் இரண்டிரண்டு கடைகள். லேபில் எதையும் தின்னக்கூடாது என்பதால் ஆய்வுக்கூடம் கேன்டீனுக்கு மாறியது. சபாபதி சார் நடுவர். அதனால் தின்ன மாட்டார். தின்பவர்களுக்குக் கண்ணில் துண்டு கட்டப்படும். மாதிரிகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர். ஒவ்வொரு கடிக்கும் நடுவில் ஒரு மடக்கு வெந்நீர். அளவுகோல்களை வகுத்தவள் பிரிசில்லா:

உதிர்வு வீதம்: ஒரு கடிக்குச் சட்டையில் விழும் செதிலின் அளவு. துடைத்தால் போகிறதா, வீடுவரை கூட வருகிறதா.

கிழங்குத் தூரம்: வாயை வைத்த இடத்திலிருந்து உருளைக்கிழங்கைப் போய்ச்சேர ஆகும் கடிகள்.

எண்ணெய் ஊடுருவல்: பப்ஸை வைத்த பேப்பர் துண்டில் மறுபக்கத்துச் செய்தியை இந்தப் பக்கமிருந்தே படிக்க முடிகிறதா.

பட்டாணி: உண்டு, இல்லை, வதந்தி.*

(* ஐந்தாவதாக ‘மறுநாள் வயிறு’ என்றொன்றும் இருந்ததாம். விருப்பமுள்ளவர்கள் தனியாகத் தெரிவிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.)

கொளஞ்சி கண் கட்டோடு அ-வைக் கடித்துவிட்டு, “இது நம்மூரு! சிதம்பரம்! மொறுமொறுன்னு பேசுது பாருங்க சார்” என்றார். அது கடலூர். இ-யைக் கடித்து, “த்தூ, கடலூரு” என்றார். அது சிதம்பரம். பிறகு விசாரித்ததில் தெரிந்தது: அ, இ இரண்டுமே ஒரே அடுப்பில் வெந்து, விடிகாலையில் ஒரே மினிவேனில் ஏறி, ஒன்று வடக்கேயும் ஒன்று தெற்கேயும் இறங்கியவை. கொளஞ்சி இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. தெற்கே போகும்போது காற்று பட்டு ருசி கூடுகிறது என்பது அவர் கட்சி.

நான் எழுத நினைத்த கட்டுரை இவ்வளவுதான். இங்கே முடித்திருந்தால் நீங்களும் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

4

சபாபதி சார் ஐந்தாவதாக ஒரு மாதிரி வைத்திருந்தார். உ. தின்பவர்கள் உண்மையிலேயே ருசித்துத்தான் சொல்கிறார்களா, சும்மா அடித்துவிடுகிறார்களா என்று கண்டுபிடிக்க. ஒரு நல்ல பப்ஸைப் பிரித்து உள்ளே ரோஸ் எசென்ஸைத் தாராளமாகவே ஊற்றி மூடியிருந்தார்.

கடித்தவர்கள் எல்லோரும் துள்ளினார்கள். “யோவ் சார், என்னாய்யா இது! கல்யாண மண்டபத்துல பன்னீர் சொம்ப வாயில கவுத்தாப்புல கீது!” என்று கொளஞ்சி வெளியே ஓடித் துப்பினார். கேன்டீன் முழுக்க ரோஜா வாடை.

கடைசியாக உட்கார்ந்தவள் பிரிசில்லா. பக்கத்து அறையில் காத்திருந்துவிட்டு, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தாள். அ முதல் ஈ வரை பொறுமையாக மதிப்பெண் சொன்னாள். உ வந்தது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். கடித்தாள். மென்றாள். இன்னொரு கடி கடித்தாள்.

“இதான் இருக்கறதுலயே பெஸ்ட்டு” என்றாள். “காரம் சரியா இருக்கு. உள்ள கொஞ்சம் ஈரம் ஜாஸ்தி, அவ்ளோதான்.”

சிரிப்பில் கேன்டீனே அதிர்ந்தது. பிரிசில்லா துண்டை அவிழ்த்தாள். கையிலிருந்த பப்ஸின் கிழங்கு இளஞ்சிவப்பாக இருந்தது. மேசைமேல் எசென்ஸ் பாட்டில். எல்லோர் முகத்தையும் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“உங்கள ஏமாத்தத்தான் சொன்னேன்” என்று அவளும் சிரித்தாள். நம்பிவிட்டார்கள். அந்த மூக்கைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

(அவள் மனசில் ஓடியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கேட்டால், கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேலை என்று திருப்பிக் கேட்பேன்.)

வீட்டுக்குப் போனதும் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தருகே வைத்தாள். சோப்புத்தூள். பெருங்காயம். மீன் வாங்கிய பை. ஜெயசீலன் கழற்றிப் போட்ட சட்டை. எல்லாம் வெறும் காற்று. பெருங்காயத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உப்பும் புளிப்பும் காரமும் நாக்கில் இருந்ததால், மற்றது போனதே தெரியவில்லை. மழைக்காலத்தில் பிடித்த ஜலதோஷத்தோடு போயிற்றா, லேபில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்றா, அதுவும் தெரியவில்லை.

“யார்கிட்டயும் சொல்லாத” என்றான் ஜெயசீலன். “பர்மனென்ட் ஆவற நேரம். மெடிக்கல்ல தூக்கிடுவாங்க. தானா சரியாயிடும்.”

(இந்த இடத்தில் ஜெயசீலனை வில்லனாக்க எனக்கு ஆசை வந்தது. கதை சுலபமாக ஓடும். ஆனால் அன்று அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தபோது, அவளுக்கு முன்னால் எழுந்து ஓடியவன் அவன்தான். அடுப்பை அணைத்துவிட்டு, சிந்தியதைத் துடைத்தான். அவனை அப்படியே விடுகிறேன்.)

5

அடுத்த வாரம் ஒரு டேங்கைக் கழுவவேண்டியிருந்தது. மீட்டர் ரிப்பேரில் இருந்தது. கொளஞ்சி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வாய்த்துளை ஓரம் குந்தியிருந்தார். சபாபதி சார் பர்மிட் தாளோடு நின்றார்.

“மேடம், சட்டுனு பாத்துச் சொல்லுங்க. வெயிலு ஏறுது.”

பிரிசில்லா குனிந்தாள். ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் அந்த ‘ஒன்றும் இல்லை’ அவளுக்கு நல்ல சேதி. இப்போது அது வெறும் இருட்டு. கொளஞ்சி ஒரு காலை உள்ளே விட்டு ஏணியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எறங்காத கொளஞ்சி.”

“ஏன் மேடம், நாத்தம் வருதா?”

“வருதா இல்லியான்னு எனக்குத் தெரியல. எனக்கு வாசனயே தெரியறதில்ல.”

சபாபதி சார் சிரித்தார். “காலங்காத்தால வெளயாடாத பிரிசில்லா.”

“இல்ல சார். அன்னிக்கி அந்த எசென்ஸும் எனக்குத் தெரியல. வெளயாட்டுன்னு சொன்னதுதான் பொய்.”

கொளஞ்சி காலை வெளியே எடுத்தார். கயிற்று முடிச்சை அவிழ்த்தார். அவிழ்க்கும்போதே கேட்டார்:

“அப்ப போன மாசம் எறங்குனேனே மேடம்? நீங்கதான எறங்குன்னீங்க?”

“அப்பவும் தெரிஞ்சிருக்காது. தெரியலன்றதே எனக்குத் தெரியாது, கொளஞ்சி.”

எனக்குக் கதை சொன்னபோது அவர் சிரிப்பை நிறுத்திய இடம் இதுதான்.

6

இங்கிருந்து இரண்டு வழி எழுதிப் பார்த்தேன்.

முதல் வழியில், பக்கத்துக் கம்பெனியிலிருந்து மீட்டர் வருகிறது. உள்ளே விட்டதும் அலறுகிறது. கொளஞ்சி கையெடுத்துக் கும்பிடுகிறார். மேனேஜர் மாலை போடு– வேண்டாம். எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாவது வழியில் நடந்தது மட்டும். மீட்டர் மத்தியானம் வந்தது. டேங்க் சுத்தமாக இருந்தது. ஒரு வாயுவும் இல்லை. கொளஞ்சி இறங்கிக் கழுவிவிட்டு ஏறி வந்தார்.

ஆக, பிரிசில்லா அன்று யாரையும் காப்பாற்றவில்லை. அரை நாள் வேலை கெட்டது என்று மேனேஜர் கத்தினார். பர்மனென்ட் ஆர்டர் வரவில்லை. அவளை லேபிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். கொளஞ்சி ரொம்ப நாள் அவளிடம் பேசவில்லை. எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு போனார். ஆனால் அன்றைக்கு அப்புறம் மீட்டர் இல்லாமல் ஒருத்தரும் டேங்கில் கால் வைக்கவில்லை. வைக்கச் சொன்னபோது, “எந்த மூக்க நம்பி சார் எறங்கறது?” என்று கேட்டு முதலில் உட்கார்ந்துகொண்டவர் கொளஞ்சிதான். கடைசியில் கம்பெனி புது மீட்டர் வாங்கியது. ஒன்று ரிப்பேருக்குப் போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டாக.

கொளஞ்சியே ஒருநாள் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார். “கோவம் இல்ல மேடம். பயந்துட்டேன். அதக் கோவம்னு நெனச்சிக்கிட்டேன்” என்றார்.

“எனக்கும் பயம்தான்” என்றாள் பிரிசில்லா. அவர் கையுறை வாங்கிக்கொண்டு போனார்.

டேங்க் வாசலில் நடந்ததை அன்று சாயங்காலமே ஜெயசீலனிடம் சொல்லியிருந்தாள்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

தட்டில் சோற்றைப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினான். “செரி. சாப்புடு. நாளைக்கி லீவு போடறேன், சிதம்பரத்துல காட்டிட்டு வரலாம்” என்றான். அதன்பின் மார்க்கெட்டில் மீனை மோந்து வாங்குவது அவன் வேலையானது. அதில் அவன் அவ்வளவு தேறியவன் இல்லை.

7

சிதம்பரத்தில் டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார், மூக்கில் விடும் மருந்து கொடுத்தார், சில மாதம் கழித்து வரச்சொன்னார். போனார்கள். டாக்டரம்மா இளவயசுக்காரர், ஆனால் அவசரப்படாதவர். மேசையில் மூடிபோட்ட சின்னப் புட்டிகளை வரிசையாக வைத்தார். உள்ளே நனைத்த பஞ்சு. “கண்ண மூடிக்கிங்க. தோணறத சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க” என்றார்.

முதல் புட்டி. “தெரியல டாக்டர்.”

இரண்டாவது. “தெரியல.”

ஜெயசீலன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

மூன்றாவது புட்டியில் என்ன இருந்தது என்று கொளஞ்சிக்குத் தெரியாது; அவர் அந்த அறையில் இல்லை. பிரிசில்லாவைத் தேடிப்போய்க் கேட்கலாம். கேட்கமாட்டேன். டேங்க் சுத்தமாக இருந்தது என்று எழுதிய கையால், இந்தப் புட்டியையும் நான் நிரப்புவது நியாயமில்லை. நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். ஏலக்காயோ, எலுமிச்சையோ, கிராம்போ, வெறும் தண்ணீரோ. ஒரே ஒரு நிபந்தனை: அவள் பொய் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

டாக்டர் மூடியைத் திறந்து அவள் மூக்கருகே கொண்டுபோனார். பிரிசில்லா மூச்சை இழுத்தாள். கொஞ்சம் நிறுத்தினாள். மறுபடி இழுத்தாள்.

“டாக்டர்,” என்றாள், “இது