இருபத்துநாலு ஜி.பி.

அரூரில் மலைவாழ் மக்களுக்காக நடந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் மேனகா ஐந்து வருஷமாகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சித்தேரி மலையிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வருவாள்.

அன்று காலை பத்து மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற்றத் தொடங்கினாள். மாலை நாலு மணிக்கு நிதி கொடுப்பவர்களோடு வீடியோ மீட்டிங். அதற்கு அவர்கள் அனுப்பிய மென்பொருள் பழைய விண்டோஸில் ஓடாது. ஏற்றுவது பாதியிலேயே நின்றது. சி டிரைவில் இடமில்லை, இன்னும் இருபத்தேழு ஜி.பி. வேண்டும் என்றது.

தற்காலிக ஃபைல்கள், பழைய டவுன்லோடுகள், யாரும் திறக்காத இரண்டு மென்பொருள்கள் எல்லாவற்றையும் நீக்கினாள். நாலு ஜி.பி.கூடத் தேறவில்லை. இடத்தை எது அடைக்கிறது என்று தேடினாள். டெஸ்க்டாப்பில் 'சித்தேரி பட்டா' என்ற ஃபோல்டர். இருபத்துநாலு ஜி.பி.

அது அவள் கைவேலை. மூன்று வருஷத்துக்கு முன் ஊர் ஊராக நடந்து, நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் நில மனுக்களை வாங்கிவந்து பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்திருந்தாள். அவற்றைத் தாலுகா ஆபீஸுக்கு அனுப்புவது மேனேஜர் முனிராஜின் பொறுப்பு. பட்டியலைத் திறந்தாள். 'அனுப்பிய தேதி' என்ற கட்டம் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை காலியாக இருந்தது.

"சார், இதுல ஒண்ணுகூடப் போகலீங்களா?"

முனிராஜ் எட்டிப் பார்த்தார். "ஸ்கேன் பண்றதுக்குத்தாம்மா அப்ப ஃபண்டு வந்துச்சு. அந்த புராஜெக்ட் முடிஞ்சுபோச்சு. அழிச்சிட்டு ஆகவேண்டியதப் பாரு."

"டி டிரைவுக்கு மாத்திடறேங்க."

"அதுல எங்க இடம்? நம்ம ஆண்டு விழா வீடியோ பூரா அதுலதான். தொடாத, நாலு மணிக்குக் காட்டணும்."

"ஒரு பென்டிரைவ் வாங்கியாரட்டுங்களா?"

"ஜனங்க ஆதாரெல்லாம் இருக்குதும்மா. ஆபீஸ விட்டு வெளிய போகக் கூடாது."

காகித மனுக்கள் போன வருஷமே எடைக்குப் போய்விட்டன. ஸ்கேன்தான் இருக்கிறதே என்று கட்டித் தூக்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

முனிராஜ் டீ குடிக்கப் போனதும் செல்போனைக் கேபிளில் மாட்டினாள். ஒரு ஜி.பி.தான் இருந்தது. தங்கை கல்யாண வீடியோக்களை அழித்தாள், இரண்டானது. ஒரு மனு அறுபது எம்.பி. என்றால் முப்பத்துமூன்று மனு கொள்ளும். முதலில் அப்பா காளியனுடையது. பிறகு சித்தப்பா, மாமன், எதிர்வீடு. தன் ஊரைத் தாண்டுவதற்குள் போன் நிறைந்துவிட்டது.

முனிராஜ் திரும்பி வந்து பின்னால் நின்றார். நிரந்தரமாக நீக்கவா என்று திரை கேட்டது. ஒவ்வொரு மனுவிலும் கைநாட்டு வைக்க மை தடவிப் பிடித்த விரல்கள் அவளுக்கு நினைவிருந்தன. ஆம் என்பதை அழுத்தினாள்.

புது விண்டோஸ் நல்லபடியாக ஏறியது. நாலு மணிக்கு முனிராஜ் விழா வீடியோவைக் காட்டி, நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு உதவியதாகச் சொன்னார். எதிர்ப்பக்கம் கை தட்டினார்கள்.

சாயங்கால பஸ்ஸில் பக்கத்து ஊர் பூபதி அவளுக்கு முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பினார்.

"எங்க மனு என்னாச்சும்மா?"

மேலிடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எப்போதும் சொல்வாள். இன்று அது வாயில் வரவில்லை.

"அனுப்பவே இல்லீங்கண்ணா. இன்னிக்கு அழிக்கச் சொன்னாங்க. நான்தான் அழிச்சேன்."

"எல்லாருதுமா?"

"எங்க ஊருது முப்பத்துமூணு மட்டும் போன்ல எடுத்துக்கிட்டேன். இடமில்லீங்க."

"உங்கப்பாருது?"

"இருக்குதுங்க."

அவர் தலையாட்டினார். பையை எடுத்துக்கொண்டு எழுந்து, இத்தனை சீட் காலியாக இருந்தும், பின்படிக்கட்டுப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். மலைப்பாதை முழுக்க அப்படியேதான் நின்றார்.