கடைசிப் பக்கத்தில் நான் எழுதியது

நாவல் வாசித்து அழுகிறவளை எங்கள் வீட்டில் பைத்தியம் என்பார்கள். நான் அந்தப் பைத்தியம். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் எழுதாமல் இருக்கமாட்டேன். கல்முனை வாசிகசாலைக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் போவதில்லை. என் அண்ணன் றவூப் காக்காவின் பெயரில் புத்தகம் வரும், கடைசி வெற்றுப் பக்கத்தில் என் பென்சில் எழுத்தோடு திரும்பிப் போகும். அதை யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

எழுபத்தொன்பதில் நிந்தவூரிலிருந்து என்னைப் பெண் கேட்டார்கள். மாப்பிள்ளை அப்துல் ஹமீட். ஜன்னல் வழியாக ஒருமுறைதான் பார்த்தேன், பிடித்துப்போயிற்று. நாள் குறிக்க வந்த அன்று அவருடைய அக்கா, சுல்பிகா ராத்தா, கைப்பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து மேசையில் வைத்தார். அவர் கல்முனையில் படிப்பிக்கிற டீச்சர். அவர் புத்தகம் எடுப்பதும் அதே வாசிகசாலையில்தான். அவருக்கு முன் கடைசியாக இரவல் வாங்கியவர் என்று உள்ளே காக்காவின் பெயர் இருந்தது.

கணவன் இன்னொருத்தியைக் கூட்டிவந்து, மனைவியைப் பிள்ளைகளோடு மழையில் வெளியே தள்ளுகிற நாவல் அது. இரண்டு நாள் சோறு இறங்காமல் அழுதிருந்தேன். சுல்பிகா கடைசிப் பக்கத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: "இவள் ஏன் போனாள்? எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுகிறவன். நான் என்றால் அவனுடைய பெட்டியைத் தெருவில் வைத்துக் கதவைச் சாத்தியிருப்பேன்."

காக்கா, தான்தான் எழுதியதாகச் சொன்னார். பஸ்ஸின் பெயர்ப்பலகையைத் தவிர வேறெதையும் வாசிக்காத மனிதர். ஒருவரும் நம்பவில்லை. திரைக்குப் பின்னால் உம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, வாய் திறக்காதே என்று கண்ணால் கெஞ்சினார். காக்கா அங்கே பொய்யனாக நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

"நான்தான் எழுதின."

"தம்பி இன்னும் இந்த ஊட்டுப் படி மிதிக்கல்ல. அதுக்குள்ள பெட்டியத் தெருவில வெக்கிற கதை," என்றார் சுல்பிகா.

இந்தச் சம்பந்தம் சரிவராது என்று எழுந்துவிட்டார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் என் கையாலேயே போயிற்று என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா சபூறா மட்டும் எழும்பவில்லை. என்னை அதை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கேட்டு முடித்து மகளைப் பார்த்தார்.

"நாம இருந்த அந்த ஊடு என்ட பேரிலதான் இருந்த, மகள். என்ட வாப்பா எனக்குக் கட்டித் தந்த ஊடு. ஒங்கட வாப்பா அவளக் கூட்டி வந்த அண்டைக்கு, நான்தான் ஒங்க ரெண்டு பேரையும் தூக்கிட்டு வெளிய போன."

சுல்பிகா நின்றபடியே தாயைப் பார்த்தார். அதை அவர் இதற்குமுன் கேட்டதில்லை என்று முகமே சொன்னது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சபூறா என் வாப்பாவிடம் நாளைக் குறிக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ட மகனுக்கு அப்பிடி ஒரு புத்தி வந்தாலும், நீங்க வெளிய போயிராதீங்க."