வாசலில் தடவிப் பார்க்காத நாய்

"உன் விரல்ல கண்ணு ஏதும் வச்சிருக்கியா?" என்று நாய் டாக்டரம்மா ஒருமுறை என்னிடம் கேட்டார். டார்ச் அடித்து இரண்டு தரம் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொன்ன நாயின் கால் விரலிடுக்கிலிருந்து நான் ஓர் உண்ணியை எடுத்துக் காட்டியிருந்தேன். எள்ளளவுதான் இருக்கும். கேள்வி கேட்டால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு நின்றதும் அதனால்தான்.

"அவளுக்கு வாயில இருக்க வேண்டியதெல்லாம் கைக்கு எறங்கிருச்சு டாக்டர்" என்றாள் சித்தி.

சித்தி நாய் விடுதி நடத்துகிறாள். பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து நான் அவளோடுதான் இருக்கிறேன். வெளியூர் போகிறவர்கள் நாயை இங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒன்பது அறைகள். யார் வீட்டு நாயாக இருந்தாலும், வாசல் கதவைத் தாண்டும் முன் நான் தடவிப் பார்க்க வேண்டும். முதலில் காது, உள்ளேயும் பின்னாலும். பிறகு கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு அதன் அடியில். அக்குள், விரலிடுக்கு, வால் அடி. முடிக்குள் கண் போகாது, விரல் போகும். உண்ணி இருந்தால் அந்த நாய் உள்ளே வராது. வெளிக்கொட்டகையில் வைத்து எடுத்து, மருந்து போட்டு, இரண்டு நாள் பார்த்த பிறகுதான் அறை. உள்ளே ஒரு பெண் உண்ணி வந்துவிட்டால் போதும், சுவர் விரிசலில் முட்டை இட்டு ஆயிரமாகப் பெருகிவிடும்.

சாயங்காலம் குளிக்கும் முன் நானும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். மயிரோரம், காதுக்குப் பின்னால், பாவாடை நாடா இறுகுகிற இடுப்பு, முழங்கால் மடிப்பு. சித்தப்பா எலக்ட்ரீஷியன். "அக்கா தங்கச்சி பேன் பாக்குற மாதிரி சித்தியும் மகளும் உண்ணி பாக்குறீங்க" என்பார்.

இந்த ஒழுங்கு ஒரே ஒரு முறைதான் தவறியது. அன்று வந்தவள் பெரியம்மா.

பெரியம்மா சித்திக்கும் என் அம்மாவுக்கும் மூத்தவள். ஏழு வருடங்களாகச் சித்தியோடு பேச்சு இல்லை. விடுதி தொடங்கிய புதிதில், "நாய்ப் பீ அள்ளுற பொழப்பு நம்ம குடும்பத்துல யாருக்கும் இருந்ததில்ல" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டாள். சித்தி அந்த இடத்தைவிட்டு எழுந்தவள்தான். அதன் பிறகு பெரியம்மாவின் மகள் ஒரு வெள்ளை நாய்க்குட்டியை அவள் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். பெரியம்மா அதற்குப் பஞ்சு என்று பேர் வைத்து, நாய் என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்கிற அளவுக்கு ஆகிவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். சித்தி அப்போது சிரிக்கக்கூட இல்லை.

இப்போது மகளுக்குப் பிரசவம். மூன்று வாரம் மகள் வீட்டில் இருக்க வேண்டும். பெரியம்மா போன் செய்தாள். சித்தி ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு, "வாக்கா, வா, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்று வீட்டை இரண்டு முறை கழுவினாள்.

பெரியம்மா காரிலிருந்து பஞ்சுவை இறக்கி என் கையில் கொடுத்தாள். வாங்கும்போதே என் பெருவிரல் அதன் இடது காதுக்குப் பின்னால் போய் நின்றது. பட்டாணிபோல ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. நான் வழக்கமாக நாயைப் பரிசோதிக்கிற சிமெண்டு மேடைப் பக்கம் ஓர் அடி வைத்தேன்.

"எங்க தூக்கிட்டுப் போற?" என்றாள் பெரியம்மா.

"வாசல்ல ஒரு தடவை பாத்துட்டுத்தான்..." என்று இழுத்தேன்.

"எம் பிள்ளைய என்னன்னு பாக்கப் போற? தெருவுல பொறுக்குனதா அது? வாராவாரம் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுறேன்."

சித்தி என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. "நம்ம வீட்டுப் பிள்ளைக்கு என்ன பார்வை வேண்டிக் கெடக்கு" என்று சிரித்துக்கொண்டே பஞ்சுவை வாங்கி, அறைக்குக்கூட இல்லை, நேராக வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மா தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், போகும்போது சித்தியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். சித்தி அந்தக் கன்னத்தை அன்று முழுக்கத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் போனதும் பஞ்சுவை மடியில் போட்டு இடுக்கியை எடுத்தேன். உண்ணியின் வயிற்றைப் பிடிக்கக் கூடாது, நசுங்கிவிடும். தோலை ஒட்டி, தலைப் பக்கத்தைப் பிடித்து, முறுக்காமல், அவசரப்படாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். ஐந்து வந்தது. ஸ்பிரிட் பாட்டிலில் போட்டேன். சித்தியிடம் காட்டினேன்.

"எடுத்தாச்சுல்ல? விடு. அக்காகிட்ட மூச்சு விடாத."

பெரியம்மாவைக் கேட்காமல் மருந்தும் போட வேண்டாம் என்றாள். ஐந்துதான் இருந்தது என்று நாங்கள் நம்பினோம். வெளியாட்கள் வீட்டு நாயாக இருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

பஞ்சு சித்தியின் கட்டிலில் காலடியில் படுத்தது. நான்காம் நாள் சித்தி முழங்கால் மடிப்பைச் சொறிந்துகொண்டே சமையலறைக்கு வந்தாள். குனிந்து பார்த்தால், சாம்பல் நிறத்தில் ஒன்று தலையைப் புதைத்துக்கொண்டு இருந்தது. பெரியம்மா வந்த நாளிலிருந்து நாங்கள் சாயங்காலப் பார்வையை விட்டிருந்தோம். பார்த்தால் பெரியம்மாவின் நாயைச் சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடும் என்று இரண்டு பேருமே நினைத்திருக்க வேண்டும்.

சித்தப்பா தீப்பெட்டியோடு வந்தார். "ஒரு குச்சிய அணைச்சுச் சூடா வச்சா, தானா கழண்டு ஓடிரும்."

"வேணாம் சித்தப்பா" என்றேன். "சூடு பட்டா உள்ள இருக்கறதை எல்லாம் கடிவாயிலயே கக்கிரும். எண்ணெயும் வேணாம்."

"அட, பேசுது" என்றார் சித்தப்பா, தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே.

இடுக்கியால் எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து தடவினேன். உண்ணியை ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டித் தேதி எழுதினேன். டாக்டரம்மா அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் வந்தால் எப்போது கடித்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்குமாம்.

சுவரில் வேறு எங்காவது ஒளிந்திருக்குமோ என்று சித்தப்பா ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே மூன்று உண்ணிகள் நடந்துகொண்டிருந்தன. "நான் வயரிங் பண்ணும்போது இவங்களுக்குக் கனெக்ஷன் குடுக்கலையே" என்றார். அதன் பிறகு அன்று அவரும் சிரிக்கவில்லை. நாய்களை எல்லாம் வெளியே கட்டி, மருந்து அடிக்கிறவரை வரவழைத்து, விரிப்புகளைக் கொதிநீரில் போட்டு, விரிசல்களைச் சிமெண்டு வைத்து அடைத்தோம். ஒன்பது அறைகளில் ஒன்றிலும் இல்லை. வீட்டுக்குள் மட்டும்தான்.

ஒன்பதாம் நாள் பஞ்சு சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்திருந்தது. டாக்டரம்மா முன்னங்காலில் முடியை மழித்து ரத்தம் எடுத்தார். உண்ணிக் காய்ச்சல்.

"இது ரெண்டு நாள்ல வர்றதில்ல. ரெண்டு வாரமாவது ஆகியிருக்கும். இங்க வர்றதுக்கு முன்னாடியே கடிச்சிருக்கு" என்றார். "சீக்கிரம் கண்டுபிடிச்சதால தேறிரும். இருபத்தெட்டு நாள் மாத்திரை. நடுவுல தேறின மாதிரி இருந்தாலும் நிறுத்தக் கூடாது. இடத்தை மாத்தி அலைக்கழிக்கவும் வேண்டாம்." பஞ்சுவுக்கும் அன்றே உண்ணி மருந்து போட்டுவிட்டார்.

அடுத்த இரண்டு நாளில் சித்தி படுக்கையில் விழுந்தாள். தலையைப் பிளக்கிற வலி, அனலாகக் காய்ச்சல், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் பொட்டுகள். உண்ணியை ஒட்டிய அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் தேதியைப் பார்த்தார், பொட்டுகளைப் பார்த்தார். ரத்தத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்காமல் அப்போதே மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

சித்திக்கும் பஞ்சுவுக்கும் ஒரே பேர் கொண்ட மாத்திரை. அளவுதான் வேறு. மாறிவிடக் கூடாது என்று ஒன்றை அடுக்களை அலமாரியிலும் ஒன்றைப் பின்கட்டிலும் வைத்தேன். "ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம். இனிமே ஒரே தட்டுல போட்டுறலாமா?" என்றார் சித்தப்பா. சித்தி படுத்தபடியே தலையணையை வீசினாள்.

பெரியம்மா தினமும் போன் செய்வாள். "நல்லா இருக்கான்க்கா" என்பாள் சித்தி. போட்டோ கேட்டால், மழித்த கால் தெரியாமல் நான் எடுத்து அனுப்புவேன்.

"சொல்லிரலாம் சித்தி" என்றேன் ஒருநாள்.

"பேறுகாலத்து வீட்டுல இருக்கா. அதுவும் போக, சொன்னா என்ன நெனைப்பா? நாய்க்காரி வீட்டுல விட்டேன், நோயோட வந்துச்சுன்னுதான். ஏழு வருசம் கழிச்சு இப்பத்தான் என் பேரைச் சொல்லிக் கூப்புடுறா."

இருபத்தோராம் நாள் பெரியம்மா வந்தாள். பஞ்சு வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. மெலிந்திருந்தது. பெரியம்மா அதைத் தூக்கினாள். மழித்த காலைப் பார்த்தாள்.

"என்னடி இது?"

சித்தி சொன்னாள். காய்ச்சல், ரத்தம், மாத்திரை. உண்ணி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"தெரியும்" என்றாள் பெரியம்மா. "பத்து நாய் கெடக்கிற எடத்துல விட்டேன் பாரு, எம் புத்தியச் சொல்லணும். இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன், இந்தப் பொழப்பு வேணாம்னு."

சித்தியின் முகம் சிறுத்தது. "ஆமாக்கா" என்றாள். "தப்பு எங்க மேலதான். இங்கதான் ஒட்டியிருக்கும்."

சித்தப்பா கையிலிருந்த திருப்புளியை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். சித்தி இன்னொரு முறை "தப்புத்தான்க்கா" என்றாள்.

"இல்ல பெரியம்மா" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "நீங்க கார்ல இருந்து எறக்கி என் கையில குடுத்தப்பவே இருந்துச்சு. காதுக்குப் பின்னால ரெண்டு. என் விரல்ல பட்டுச்சு. நான்தான் சொல்லல."

"நீ சும்மா இரு" என்றாள் சித்தி.

"யாரு நாய் வந்தாலும் வாசல்லயே பாத்துத்தான் உள்ள விடுவோம். உங்களுதை மட்டும் பாக்கல. நீங்க கோவிச்சுக்குவீங்க, மறுபடி பேசாமப் போயிருவீங்கன்னு சித்தி பயந்தாங்க. நானும் பயந்தேன். குளிப்பாட்டினா மட்டும் உண்ணி போகாது பெரியம்மா. மாசாமாசம் மருந்து போடணும், வெளிய போயிட்டு வந்தா தடவிப் பாக்கணும். உங்க வீட்டு விரிசல்லயும் இருக்கும், மருந்தடிக்கணும். நீங்களும் உங்க உடம்பப் பாத்துக்கங்க." நிறுத்தத் தோன்றவில்லை. "சித்தியையும் கடிச்சிருச்சு. காய்ச்சல்ல மூணு நாள் எந்திரிக்கல. அப்பவும் நீங்க போன் பண்ணா உக்காந்துதான் பேசுவாங்க. படுத்துப் பேசினா குரல் காட்டிக் குடுத்துருமாம்."

பஞ்சு பெரியம்மாவின் தோளில் மூக்கைத் தேய்த்தது.

பெரியம்மா சித்தியின் கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டில் பொட்டுகள் மங்கிப் பழுப்பாகியிருந்தன. அவற்றின் மேல் பெருவிரலை வைத்து மெதுவாக ஒரு முறை ஓட்டினாள். சித்தி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவள் விடவில்லை.

"இன்னும் எத்தனை நாள் மாத்திரை இருக்கு, இவனுக்கு?" என்று என்னிடம் கேட்டாள்.

"பதினாறு நாள். அலைக்கழிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

பெரியம்மா பஞ்சுவைக் கீழே இறக்கினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த புதுக் கழுத்துப்பட்டையைப் பையிலிருந்து எடுத்தவள், அதை அப்படியே பைக்குள் திரும்பப் போட்டாள். தரையில் கிடந்த எங்கள் பழைய கயிற்றை எடுத்துப் பஞ்சுவின் கழுத்தில் மாட்டி, மறுமுனையைச் சித்தியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.